'முடியாது' என்று சொல்ல எத்தனை நாள் ஆகிறது?

எந்த அணிக்குப் புதிதாகப் போனாலும், முதல் இரண்டு வாரத்துக்குள் ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்து ஒரே கேள்வியைக் கேட்பேன். "கடைசியாகத் தள்ளிப்போன ஒரு வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். குறித்த நாளில் அது முடியாது என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது? அதை எப்போது வாய்விட்டுச் சொன்னீர்கள்?"

இரண்டு தேதி கிடைக்கும். நடுவே எத்தனை நாள் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். சில அணிகளில் இரண்டு நாள். பல அணிகளில் பத்து, பன்னிரண்டு. "சொல்லவே இல்லை, அவர்களாகவே தெரிந்துகொண்டார்கள்" என்ற பதிலும் நிறைய வரும். ஓர் அணி எப்படி இருக்கிறது என்பதை அறிய இதைவிட நம்பகமான அளவு எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. மென்பொருளைச் சிறு சிறு தவணைகளில் எழுதிக் காட்டும் அஜைல் முறைக்கு அணிகளைப் பழக்குகிற அஜைல் கோச்சாக நான் செய்கிற வேலை மொத்தமும் அந்த நாட்களைக் குறைக்கிற வேலைதான்.

தமிழில் 'பயிற்சியாளர்' என்ற ஒரே சொல் கோச்சுக்கும் வகுப்பு எடுப்பவருக்கும் பொருந்திவிடுகிறது. நான் இரண்டு வேலையும் செய்கிறேன், இரண்டும் வேறு. வகுப்பில் எனக்குத் தெரிந்ததைக் கொடுக்க வேண்டும். இரண்டு நாளில் முடிந்துவிடும். கோச்சாக ஓர் அணியோடு இருக்கும் ஆறு மாதமும் எனக்குத் தெரிந்ததை அடக்கிக்கொள்ள வேண்டும். விடை நாக்கு நுனியில் நிற்கும், அவர்களே அதைக் கண்டடைய இன்னும் ஒரு வாரம் ஆகும் என்று தெரியும், பொறுத்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது வேலை எனக்குப் படிய ஆண்டுகள் பிடித்தன.

2004இல் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் இருந்த ஒரு நிறுவனத்தில், மென்பொருளில் பிழை தேடும் டெஸ்டராகச் சேர்ந்தேன். சங்கரன்கோவிலிலிருந்து வந்தவளுக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடமே மலைப்பாக இருந்தது. ஆறு மாத ப்ராஜெக்ட் என்றால் திட்டத்தாளில் சோதனைக்குக் கடைசி நான்கு வாரம் ஒதுக்கியிருப்பார்கள். தேவைகளை எழுதியவர்கள் தாமதித்த நாள், வடிவமைத்தவர்கள் தாமதித்த நாள், நிரல் எழுதியவர்கள் தாமதித்த நாள் எல்லாம் அந்த நான்கு வாரத்திலிருந்துதான் கழியும். என் முதல் ப்ராஜெக்ட்டில் எங்கள் கைக்கு வந்தது ஒன்பது நாள்.

அதில் காப்பீட்டு பிரீமியத்தைக் கணக்கிடும் பகுதியை எழுதிய இளைஞர் எனக்குப் பக்கத்து இருக்கை. ரிலீஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே, வெளியே டீக்கடையில் நின்றுகொண்டு, "இது தேறாது. வயது வரம்பு மாறுகிற இடத்தில் கணக்கு தப்புகிறது. முதலிலிருந்து எழுத வேண்டும்" என்றார். வாராந்திரக் கூட்டத்தின் அட்டவணையில் அவருடைய வேலைக்கு எதிரே, எல்லாம் சரியாகப் போகிறது என்று காட்டும் பச்சை நிறம் இருந்தது. நான்கு வாரமும் பச்சை. எனக்கும் தெரியும், நானும் பேசவில்லை. ரிலீஸ் அன்று சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்தவர்கள் ஞாயிறு பிற்பகல்வரை போராடிவிட்டு, கடைசியில் பழைய பதிப்பையே திரும்ப ஏற்றினோம். திங்கட்கிழமை விசாரணையில் அவர் பெயர் மட்டும் அடிபட்டது. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். டீக்கடையில் பேசியதை அந்த வாரமே கூட்டத்தில் பேசியிருந்தால் ஒரு மாதம் கையில் இருந்திருக்கும். நாங்கள் இருவரும் சோம்பேறிகள் இல்லை, பொய்யர்களும் இல்லை. பயந்தோம்.

2009இல் ஓர் ஐரோப்பிய வாடிக்கையாளர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடுகிற மென்பொருளைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அப்போதுதான் அஜைல் என்ற சொல்லை முதலில் கேட்டேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்டு என்ற பனிச்சறுக்கு விடுதியில் 2001 பிப்ரவரியில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கையின் பெயர் அது. நான்கு விழுமியங்கள், பன்னிரண்டு கொள்கைகள். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம் அதற்கும் மூத்தது. ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும் 1995இலேயே அதை ஒரு மாநாட்டில் முன்வைத்துவிட்டார்கள். பெயருக்கு மூலம் ரக்பி ஆட்டம். டகேயுச்சி, நொனாகா என்ற இரு ஜப்பானிய அறிஞர்கள் 1986இல் எழுதிய கட்டுரையில் கையாண்ட உவமை. இந்த வரலாற்றை வகுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் நான் சொல்வதில்லை. என்னை இழுத்தது அந்தப் பன்னிரண்டில் ஒரு வரி: முன்னேற்றத்தை அளக்க முதன்மையான அளவு, ஓடுகிற மென்பொருள். பச்சை நிறக் கட்டத்தை நம்பி மோசம்போன ஒரு டெஸ்டருக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2011இல் இரண்டு நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி, ஓர் அணி ஸ்க்ரம் முறைப்படி நடக்கத் துணைநிற்கும் ஸ்க்ரம் மாஸ்டர் ஆனேன்.

அடுத்த ஐந்து ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கூட்டம் நடத்தக் கற்றேன், தடைகளை நீக்கக் கற்றேன். 2016இல் கோச் ஆனபிறகு செய்த தவற்றைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஒரு நிறுவனத்தில் ஒன்பது அணிகளை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஒவ்வொரு வேலையும் எவ்வளவு பெரியது என்பதை மணிக்கணக்கில் சொல்லாமல், ஒன்றோடொன்று ஒப்பிட்டு ஓர் எண்ணால் சொல்வார்கள். அதற்கு ஸ்டோரி பாயிண்ட் என்று பெயர். ஒரு ஸ்ப்ரின்ட்டில், அதாவது இரண்டு வாரம்போன்ற ஒரு குறுகிய வேலைத் தவணையில், எத்தனை பாயிண்ட் முடிந்தது என்பது அந்த அணியின் வெலாசிட்டி. அடுத்த ஸ்ப்ரின்ட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று அந்த அணி தனக்குத் தானே கணக்குப் போட மட்டும்தான் அது உதவும். ஓர் அணியின் ஐந்தும் இன்னோர் அணியின் ஐந்தும் ஒன்றல்ல. இது எனக்கு நன்றாகத் தெரியும். வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அந்த நிறுவனத்தின் பிரிவுத் தலைவர், "ஒன்பது அணியும் ஒரே பக்கத்தில் தெரிய வேண்டும்" என்று கேட்டார். வரைந்து கொடுத்தேன். ஒன்பது பட்டைகள், உயரமானது இடப்பக்கம், குட்டையானது வலப்பக்கம். புதுப் பொறுப்பு, மறுக்கத் தயக்கம், பிறகு விளக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம். மூன்று மாதத்தில் ஏறக்குறைய எல்லாப் பட்டைகளும் வளர்ந்தன. முன்பு ஐந்து என்று மதிப்பிட்ட அதே அளவு வேலைக்கு எட்டு போட ஆரம்பித்திருந்தார்கள். பிறகு பதின்மூன்று. வாடிக்கையாளர் கைக்குப் போனது கூடவில்லை.

ஓர் அணியின் பட்டை மட்டும் வளரவில்லை. யாரும் தொட விரும்பாத ஒரு பழைய பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கிற அணி. ஆறு மாதம் கழித்து அதன் தலைவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணமாகக் காட்டியது என் படம். அவர் என் மேசைக்கு வந்து, "அந்தப் படம் நீங்கள் வரைந்ததுதானே, மேடம்?" என்று கேட்டார். ஆம் என்றேன். "எங்கள் அணியில் ஒரு வேலை முடியாது என்று தெரிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவோம். சொன்னதை அந்த ஸ்ப்ரின்ட்டிலிருந்து கழித்தும்விடுவோம். அதனால்தான் உங்கள் படத்தில் குட்டையாக இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். குரல் உயரவே இல்லை.

அன்று மாலையே பிரிவுத் தலைவரிடம் போனேன். ஒன்பது அணிகளின் பழைய மதிப்பீடுகளையும் புதிய மதிப்பீடுகளையும் அருகருகே வைத்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டார், முடிவு மாறவில்லை. படம் வரைவதை நிறுத்தினேன். வேறொருவரை வைத்து வரைந்துகொண்டார்கள். ஸ்டோரி பாயிண்ட்டைத் தாம் கண்டுபிடித்திருக்கக்கூடும் என்றும், அப்படியென்றால் இப்போது அதற்காக வருந்துவதாகவும் அந்த 17 பேரில் ஒருவரான ரான் ஜெஃப்ரீஸ் பின்னாளில் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த பில்லிங் அணித் தலைவரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நான் இன்று எல்லோரிடமும் கேட்கிற அந்த இரண்டு தேதிக் கேள்வி அவர் கொடுத்தது.

அதன்பிறகு எந்த நிறுவனத்துக்குப் போனாலும் வேலையைத் தொடங்குமுன் எழுத்திலேயே ஒப்புதல் வாங்குகிறேன்: அணியின் வெலாசிட்டி அணியை விட்டு வெளியே போகாது. மேலே இருப்பவர்களுக்கு அறிக்கை வேண்டும் என்பது நியாயமான தேவை. அவர்கள் பணம் போடுகிறார்கள். அதற்கு வேறு மூன்று எண்களைக் கொடுக்கிறேன். ஒரு வேலையைக் கையில் எடுத்த நாளிலிருந்து வாடிக்கையாளர் பயன்படுத்தத் தொடங்கும்வரை எத்தனை நாள். இந்த நொடியில் எத்தனை வேலைகள் பாதியில் நிற்கின்றன. அவற்றில் மிகப் பழையது எத்தனை நாளாக நிற்கிறது. பாயிண்ட்டை ஊதிப் பெரிதாக்குவதுபோல இவற்றைச் சுலபமாகத் திருத்திக் காட்ட முடியாது.

பாதியில் நிற்கிற வேலைகளைப் பற்றிப் பேசும்போது என் அம்மாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் அம்மாவின் தையல் மெஷின் இருந்தது. ஜாக்கெட் தைப்பார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே, 'தீபாவளி ஆர்டர் முடிந்தது' என்று அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டுவிடுவார். துணிப்பையோடு வந்து நிற்கிறவர்களைத் திருப்பி அனுப்புவதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும். பணம் வருகிற நேரத்தில் ஏன் வேண்டாம் என்கிறார் என்று கேட்டிருக்கிறேன். "வாங்கிவைத்துக்கொண்டால் துணி என் வீட்டில் இருக்கும், அவர்கள் உடம்பில் இருக்காது" என்பார். இன்னொன்றும் செய்வார். வெட்டுவதும் தைப்பதும் அம்மா. கொக்கி வைப்பதும் ஹெம்மிங் செய்வதும் அத்தை. அத்தையால் ஒரு நாளைக்கு எட்டு ஜாக்கெட்தான் முடியும். அம்மாவால் பன்னிரண்டு தைக்க முடியும். ஆனாலும் எட்டுக்கு மேல் வெட்ட மாட்டார். மிச்ச நேரத்தில் அத்தையோடு உட்கார்ந்து கொக்கி வைப்பார்.

கான்பன் என்ற ஜப்பானியச் சொல்லுக்கு அறிவிப்புப் பலகை என்று பொருள். டொயோட்டா தொழிற்சாலைகளில் டாய்ச்சி ஓனோ வளர்த்தெடுத்த, கையில் இருக்கும் வேலைக்கு ஓர் எல்லை வைக்கும் அந்த முறையை நான் முதலில் படித்தபோது வாசலில் தொங்கிய அட்டை கண்முன் வந்தது. கணக்கும் எளிது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி அதற்கு அடிப்படை. ஓர் அணி வாரத்துக்குச் சராசரியாக ஐந்து வேலைகளை முடிக்கிறது, கையில் முப்பது வேலைகள் கிடக்கின்றன என்றால், ஒரு வேலை முடிய ஆறு வாரம் ஆகும். யாரும் வேகமாக உழைக்காமலேயே கையில் இருப்பதைப் பதினைந்தாகக் குறைத்தால் மூன்று வாரம். ஒரு புதிய அணியில் நான் முதலில் தேடுவது அத்தை எங்கே உட்கார்ந்திருக்கிறார், அதாவது வேலை எந்த இடத்தில் தேங்குகிறது என்பதைத்தான். பெரும்பாலும் சோதனையிலோ, ஒரே ஒரு மூத்தவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டிய இடத்திலோ இருப்பார். ஓர் அணியில் ஒரு சின்ன மாற்றத்தின் பயணத்தை நாள்வாரியாகச் சுவரில் ஒட்டினோம். இருபத்து மூன்று நாள். அதில் யாராவது அதன்மேல் கைவைத்திருந்தது மூன்று நாள். மற்ற இருபதும் யாருக்காகவோ காத்திருந்த நாட்கள். அந்தத் தாளைப் பார்த்த அணியினர் வெகுநேரம் பேசவில்லை. இத்தனை மாதமும் தங்களை மெதுவானவர்கள் என்று நம்பியிருந்தார்கள்.

வகுப்பில் இதைச் சொல்லி விளக்குவதைவிட நாணயத்தை வைத்துக் காட்டுவேன். உலகம் முழுவதும் பயிற்சியாளர்கள் நடத்துகிற விளையாட்டுதான். நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும். இருபது ஒரு ரூபாய் நாணயங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாணயத்தையும் திருப்பிப்போட்டு அடுத்தவருக்கு நகர்த்த வேண்டும். முதல் சுற்றில் இருபதையும் திருப்பிய பிறகே நகர்த்தலாம். ஒரு நாணயத்துக்கு ஒரு விநாடி என்றால் வரிசையின் முடிவில் இருக்கும் வாடிக்கையாளருக்கு முதல் நாணயம் கிடைக்க 80 விநாடி. இரண்டாம் சுற்றில் ஐந்து ஐந்தாக நகர்த்துவார்கள்: முதல் ஐந்து 20 விநாடியில் வந்துவிடும், மொத்தமும் 35இல் முடியும். மூன்றாம் சுற்றில் ஒவ்வொன்றாக: முதல் நாணயம் 4 விநாடியில், மொத்தமும் 23இல். யாருடைய விரலும் வேகமாகவில்லை. இதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் திரையில் படம் காட்டிப் பேசினால் யார் தலையிலும் ஏறாது. 2020இல் ஊரடங்கு வந்தபோது இரண்டு நாள் வகுப்பை நான்கு அரை நாட்களாகப் பிரித்தேன். திரைக்கு முன்னால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது எழுதவோ வரையவோ வேண்டியிருந்தால்தான் மனிதர்கள் கூடவே வருகிறார்கள். அன்று பழகியதை நேரடி வகுப்பிலும் தொடர்கிறேன்.

இனி நான் அதிகம் அக்கறை கொள்கிற விஷயத்துக்கு வருகிறேன். மொழி.

2018இல் சிறுசேரியில் ஓர் அணி. எட்டுப் பேர், ஐந்து பேர் நம் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், இரண்டு பேர் ஆந்திரம், ஒருவர் கேரளம். காலை பதினைந்து நிமிடக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொல்வார்கள்: நேற்று இந்த வேலை, இன்றும் அதே வேலை, தடை எதுவும் இல்லை. மூன்று வாரமும் அதே மூன்று வாக்கியம். ஒரு நாள் மாலை கம்பெனி பஸ்ஸில் தாம்பரம் வரும்வரை அந்த அணியின் இளைய பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். நாற்பது நிமிடம் தமிழில் பேசினாள். சோதனைக்கான சர்வர் நாளுக்கு இரண்டு முறை விழுகிறது, வாடிக்கையாளர் கொடுத்த தரவு ஆறு மாதம் பழையது, அவள் எழுதிய நிரலை ஒரு மூத்தவர் இரவில் சொல்லாமல் மாற்றிவிடுகிறார். அத்தனையும் கச்சிதமான, உடனே தீர்க்கக்கூடிய தடைகள். மறுநாள் காலைக் கூட்டத்தில், தடை எதுவும் இல்லை என்றாள்.

கூட்டம் முடிந்து தனியாகக் கேட்டேன். "அக்கா, அதை இங்கிலீஷில் சொன்னால் புகார் மாதிரி ஆகிவிடும்" என்றாள்.

அந்தப் பதிலைப் பல நாள் யோசித்தேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. எழுத, படிக்க, வாடிக்கையாளரோடு பேச நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு மூத்தவர் மனம் நோகாமல், தன் மரியாதையும் குறையாமல், ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டிய மென்மை அவளுக்குத் தமிழில்தான் இருந்தது. 'அண்ணன் செய்தது நல்லதுக்குத்தான், ஆனால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்' என்று தமிழில் தொடங்க முடிகிறது. அவளிடம் இருந்த அலுவலக ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியங்கள்: எல்லாம் நலம், அல்லது குற்றச்சாட்டு.

ஸ்ப்ரின்ட் முடிவில் அணி தன் வேலைமுறையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோஸ்பெக்டிவ் கூட்டத்தை நடத்தும் விதத்தை மாற்றினேன். முதல் ஏழு நிமிடம் யாரும் பேசக் கூடாது. சிறு தாள்களில் எந்த மொழியிலும் எழுதலாம், பெயர் வேண்டாம். பிறகு இரண்டிரண்டு பேராக, வசதியான மொழியில் பேசுவார்கள். அதன்பிறகே பொதுவில் வைப்பது. அணியில் மூத்தவர் எப்போதும் கடைசியில் பேச வேண்டும். இதில் ஓர் அபாயம் உண்டு; நான் அதில் விழுந்தும் எழுந்தேன். தமிழ் தாராளமாகப் புழங்க ஆரம்பித்ததும் கேரளத்து இளைஞர் ஒதுங்கிப்போனார். ஆகவே ஒரு விதி சேர்த்தோம்: யார் எந்த மொழியில் பேசினாலும் பக்கத்தில் இருப்பவர் உடனே எல்லோருக்கும் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும். பேசியவரே மொழிபெயர்க்கக் கூடாது, அவர் தம் பேச்சைத் தாமே நீர்த்துப்போக வைத்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர் சொல்லும்போது அது ஒருவரின் புகாராக இல்லாமல் இருவரின் செய்தியாக ஆகிறது. நான்காவது ரெட்ரோஸ்பெக்டிவில் இரவில் நிரலை மாற்றுகிற விஷயம் வெளியே வந்தது. அந்த மூத்தவர் திடுக்கிட்டார். அவளுக்கு உதவி செய்வதாகவே நினைத்திருந்தார். மறுநாளிலிருந்து இருவரும் ஒரே திரையில் சேர்ந்து எழுதினார்கள்.

அந்த மூன்று வாக்கியக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்க்ரம் முறையின் அதிகாரபூர்வக் கையேடான ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பிலேயே, அந்த வாக்கியங்களுக்கு மூலமான மூன்று கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இன்றும் பல அலுவலகங்களில் விடாமல் ஒப்பிக்கிறார்கள். ஆட்களை வரிசையாகக் கேட்காமல், வேலைத் தாள்கள் ஒட்டிய பலகையை முடியும் தறுவாயில் உள்ளவை இருக்கும் வலப்பக்கத்திலிருந்து படிக்கச் சொல்கிறேன்: முடிவதற்கு மிக அருகில் இருப்பது எது, அது முடிய யாருடைய உதவி வேண்டும்? ஆளைப் பார்த்துக் கேட்டால் ஆள் தன்னைக் காப்பாற்றிக்கொள்வான். வேலையைப் பார்த்துக் கேட்டால் வேலையைப் பற்றிப் பேசுவான். மதிப்பிடும்போதும் அப்படித்தான். ஜேம்ஸ் கிரெனிங் 2002இல் உருவாக்கிய பிளானிங் போக்கரில் எல்லோரும் தங்கள் மதிப்பீட்டு எண் உள்ள சீட்டை ஒரே நேரத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். வயதுக்கும் அனுபவத்துக்கும் இவ்வளவு மரியாதை தருகிற நம் ஊரில் இது ஏன் அவசியம் என்று விளக்க வேண்டியதில்லை. மூத்தவர் மூன்று என்று சொன்னபிறகு இளையவர் பதின்மூன்று என்று வாய் திறக்க மாட்டார்.

இத்தனையும் செய்தாலும், மேனேஜரின் முதல் பதில் தவறினால் எல்லாம் வீண். பல ஆண்டுகள் நான் அணிகளோடு மட்டுமே உட்கார்ந்தேன், அது போதாது. ஒருவர் துணிந்து 'முடியாது' என்று சொல்கிற நொடியில் மேனேஜர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே கேள்வி: "ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" கேட்பவருக்கு அது நியாயமாகத் தோன்றும். சொன்னவருக்கு அது சொன்னதற்கான தண்டனை. பார்த்துக்கொண்டிருக்கிற மற்ற ஏழு பேருக்கும் பாடம். அவரும் பயந்தவர்தான்; அவருக்கு மேலே ஒரு கூட்டம், ஓர் அட்டவணை, ஒரு பச்சை நிறக் கட்டம் இருக்கிறது. ஆகவே மேனேஜர்களோடு கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை பார்க்கிறேன். நான் அணி உறுப்பினராக நடித்துக் கெட்ட செய்தியைச் சொல்வேன். அவர் பதில் சொல்ல வேண்டும். "சொன்னது நல்லது. எதை விட்டால் இது முடியும்?" என்று இயல்பாக வரும்வரை. சிலருக்கு நான்கைந்து முறை ஆகிறது. தலைமுறை தலைமுறையாக வீட்டிலும் பள்ளியிலும் கேட்டுப் பழகிய கேள்வியை நாவிலிருந்து இறக்குவது லேசில்லை. கோச்சிங்கில் எனக்கு மிகுந்த பலன் தந்த மணிநேரங்கள் இந்த ஒத்திகைகளே.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது சான்றிதழைப் பற்றி. ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற அமைப்பின் சான்றிதழுக்கு வகுப்பில் உட்கார்ந்து, 50 கேள்விகளில் 37க்குச் சரியான விடை எழுத வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஸ்க்ரம் டாட் ஆர்க் என்ற இன்னோர் அமைப்பின் முதல்நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 80 கேள்விகள், 85 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. அதற்குக் காலாவதி கிடையாது, வகுப்பும் கட்டாயமில்லை. கையில் பணம் குறைவாக இருக்கிறவர்களுக்கு இரண்டாவதையே சொல்கிறேன். இரண்டுமே நேர்காணல் அறையின் கதவைத் திறக்கும், அவ்வளவுதான்.

வேலைவாய்ப்பைப் பற்றி மூடி மறைக்க ஒன்றுமில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி 1,100க்கும் மேற்பட்ட அஜைல் பணியிடங்களை நீக்கியது. எனக்குத் தெரிந்த பல ஸ்க்ரம் மாஸ்டர்கள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் தூங்கவில்லை. கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவதும் பலகையைத் திருத்துவதும் மட்டுமே ஒருவருடைய வேலை என்றால், அந்த இடம் நிலைக்காது என்றே நினைக்கிறேன். சோதனையோ நிரலோ வாடிக்கையாளர் தொடர்போ, ஏதாவது ஒன்றில் கைப்பழக்கம் உள்ளவராக இருங்கள். நான் இன்றும் மாதத்துக்கு இரண்டு நாளாவது ஏதேனும் ஓர் அணியில் டெஸ்டராக உட்கார்ந்து பிழை தேடுகிறேன். அணியினர் என்னை நம்புவதற்கு என் சான்றிதழ்களைவிட அந்த இரண்டு நாள் அதிகம் உதவுகிறது. புதிதாகப் போன இடத்தில் முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள். டீ குடிக்கப் போகிறவர்களோடு போங்கள். என் முதல் ப்ராஜெக்ட்டின் உண்மை எந்த இடத்தில் பேசப்பட்டது என்பதை மேலே சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஓர் அணியோடு இருந்தேன். நான் வந்து ஐந்தாவது மாதம். முதல் வாரத்தில் அவர்களிடம் கேட்டபோது கிடைத்த பதில்கள் ஒன்பது நாள், பதினான்கு நாள், 'சொல்லவே இல்லை'. பத்து நாள் ஸ்ப்ரின்ட்டின் மூன்றாம் நாள் காலை, வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகூட ஆகாத ஒருவர் பலகையில் ஒரு தாளைத் தொட்டு, "வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிற இந்தப் பகுதி இந்த ஸ்ப்ரின்ட்டில் முடியாது. நேற்று மாலை வங்கியின் ஆவணத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது" என்றார். அறையில் எல்லோரும் மேனேஜரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் பலகையையே சில விநாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி. எதை எடுத்துவிட்டால் இது முடியும் என்று பார்ப்போமா?"

மூன்று பேர் எழுந்து பலகைக்குப் போனார்கள். இரண்டு தாள்களை எடுத்து அடுத்த ஸ்ப்ரின்ட்டுக்கு நகர்த்தினார்கள். பேச்சு முடியப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. குறிப்பேட்டைத் திறந்து இரண்டு தேதியையும் எழுதினேன். நேற்று. இன்று.